பொன்னாங்கண்ணிக்கு மே மாதம் ஏன் ஆகாது?

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் பொன்னாங்கண்ணி, இன்னொன்றில் தண்டுக்கீரை. பொன்னாங்கண்ணியை விதை போட்டு வளர்க்கவில்லை. கட்டாக வாங்கிய கீரையில் இலையைக் கிள்ளிக்கொண்டு, மிஞ்சிய தண்டை மண்ணில் குத்தி வைத்தேன், அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில் வாரம் ஒருமுறை பொரியலுக்குப் பறிக்கிற அளவுக்குத் தழைத்தது. சித்திரை பிறந்ததும் சுணங்கிவிட்டது. இலை சிறுத்து, தண்டு சிவந்து, புதுக்கொழுந்தே காணோம்.

தண்ணீர் டேங்க் நிழலில் இருந்த அந்தத் தொட்டியை இழுத்து நட்டநடு வெயிலில் வைத்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு: வெயில் கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும், ஒளிச்சேர்க்கை கூடினால் கீரை கூடும். இரண்டே வாரத்தில் பாதிச் செடி காய்ந்துபோனது. வெயிலிலேயே இருந்த பக்கத்துத் தொட்டித் தண்டுக்கீரையோ முழங்கால் உயரத்துக்கு நின்றது. மண் அதே மண். காலையில் ஊற்றும் தண்ணீரும் அதே அளவு.

தெருவில் கீரை கொண்டுவரும் அக்காவிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "பொன்னாங்கண்ணியப் போயி மாடில காய வச்சா எப்டி தம்பி? அது ஏரிக்கரையில தண்ணிய மிதிச்சுக்கினு நிக்கிற கீரை. நெழல்ல வையி, ஈரம் காயாம பாத்துக்கோ. தண்டுக்கீரைக்கு இன்னா, அது பாட்டுக்கு வெயில்ல வளரும்."

அக்கா சொன்னது சரி. தொட்டி மறுபடி நிழலுக்குப் போனது, செடியும் பிழைத்தது. ஆனால் ஏன் சரி? ஒரே வெயில் ஒரு கீரையை வளர்த்து இன்னொன்றை வாட்டுவானேன்? தண்ணீர்ப் பற்றாக்குறை என்பது பாதி பதில். மீதிப் பாதி இலைக்குள்ளே நடக்கிறது. அதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். பதினோராம் வகுப்பில் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே ஒளிச்சுவாசம்தான்.

ஆள் மாறிப் பிடிக்கும் நொதி

இலை உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொடுக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. உலகில் மிக அதிக அளவில் இருக்கும் புரதங்களில் ஒன்று இது. இவ்வளவு இருப்பதற்கு ஒரு காரணம், அது படுமந்தம். ஒரு ரூபிஸ்கோ மையம் நொடிக்கு மூன்று மூலக்கூறு பிடித்தால் பெரிய விஷயம். மற்ற பல நொதிகள் அதே நொடியில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முடித்துவிடும். வேலை மெதுவாக நடப்பதால் ஆள்பலத்தால் சமாளிக்கிறது இலை.

மந்தம்கூடப் பரவாயில்லை. ரூபிஸ்கோவுக்கு ஆள் அடையாளமும் சரியாகத் தெரியாது. கரியமில வாயு வரவேண்டிய இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். இது உருவான காலத்தில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. அது காற்றில் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஒருவர் மட்டுமே வரும் வாசலில் காவலுக்கு நின்றவருக்கு அடையாள அட்டை பார்க்கும் பழக்கம் வரவில்லை. இன்றைக்கு அதே வாசலில் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு 500 ஆக்சிஜன் மூலக்கூறு என்ற விகிதத்தில் கூட்டம் நிற்கிறது.

தவறிப் பிடித்தால் என்ன ஆகும்? சரியாகப் பிடித்தால் மூன்று கரி அணுக்கள் கொண்ட பொருள் இரண்டு கிடைக்கும். ஆக்சிஜனைப் பிடித்தால் மூன்று கரிப் பொருள் ஒன்றும், இரண்டு கரி மட்டுமே உள்ள பாஸ்போகிளைக்கோலேட் என்ற பொருள் ஒன்றும் கிடைக்கும். இந்த இரண்டாவது சரக்கு ஒளிச்சேர்க்கைச் சுழற்சிக்கு உதவாது. சேர்ந்துவிட்டால் கெடுதலும் செய்யும். அதனால் இலை அதைப் பழுதுபார்க்க அனுப்புகிறது. பசுங்கணிகத்தில் கிளம்பி, பெராக்ஸிசோமுக்குப் போய், அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், மறுபடி பெராக்ஸிசோம் வழியாகப் பசுங்கணிகத்துக்கே திரும்பும். பட்டாவில் பெயர் திருத்த நாம் மூன்று அலுவலகம் அலைவதில்லையா, அந்த மாதிரி.

இரண்டு பாஸ்போகிளைக்கோலேட்டுகள் உள்ளே போனால், நான்கு கரி அணுக்களில் மூன்று திரும்பி வரும். ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஒளி இருக்கும்போது ஆக்சிஜனை வாங்கி, கரியமில வாயுவை விடுவதால் ஒளிச்சுவாசம் என்று பெயர். இரவும் பகலும் எல்லா உயிரணுக்களிலும் நடக்கும் சாதாரண சுவாசம் வேறு. அதில் செடிக்கு ஆற்றல் கிடைக்கும். இதில் ஆற்றல் செலவாகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரி செல்சியஸில், ஈரத்துக்குக் குறைவில்லாத நெல் மாதிரியான செடியில், ரூபிஸ்கோ சுமார் மூன்று முறை சரியாகப் பிடித்தால் ஒரு முறை ஆக்சிஜனைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 6 கரியமில வாயு பிடிக்கும் நேரத்தில் 2 ஆக்சிஜன். இரண்டு ஆக்சிஜனுக்கு ஒரு கரியமில வாயு வெளியே போகும். வரவு 6, செலவு 1, கையில் 5. விகிதம் கெட்டு 6க்கு 3 என்று ஆனால், கையில் நாலரை. 6க்கு 12 என்று ஆகிவிட்டால் பிடித்தது எல்லாம் போய்க் கையில் பூஜ்யம். இவை போக, பழுதுபார்க்கும் ஆற்றல் செலவு தனி.

இந்த விகிதத்தை முடிவு செய்வது செடி மட்டும் இல்லை. வெயில், ஈரம், காற்று எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

சூடான சோடாவும் மூடிய ஜன்னலும்

முதலில் சூடு. அது இரண்டு வழியில் விகிதத்தைக் கெடுக்கிறது.

ஒன்று, கரைதிறன். ரூபிஸ்கோ வேலை செய்வது ஈரத்தில் கரைந்த வாயுக்களோடு. கரியமில வாயு ஆக்சிஜனைவிட நன்றாகத் தண்ணீரில் கரையும் என்பதால், காற்றில் 500க்கு 1 என்றிருந்த விகிதம், 25 டிகிரித் தண்ணீரில் சுமார் 20க்கு 1 என்று இறங்கிவிடும். செடிக்கு இது ஒரு சலுகை. ஆனால் தண்ணீர் சூடானால் இரண்டு வாயுவும் வெளியேறும். வெயிலில் வைத்த கோலி சோடாவைத் திறந்தால் கேஸ் சீறிக்கொண்டு போவது இதனால்தான். இரண்டும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதுதான் சிக்கல். 25இலிருந்து 35 டிகிரிக்குப் போனால் கரைந்திருக்கும் கரியமில வாயு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆக்சிஜன் சுமார் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. சலுகை சுருங்குகிறது.

இரண்டு, நொதியின் சுபாவம். சூடு ஏறினால் ரூபிஸ்கோ வேகமாகிறது, ஆனால் ஆள் அடையாளம் இன்னும் மோசமாகிறது. கரைதிறனைவிட இதன் பங்குதான் பெரியது.

அடுத்தது ஈரம். இலையின் தோலில் இலைத்துளைகள் இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அதே ஜன்னல் வழியாகத்தான். மண் காய்ந்தாலோ, காற்று மிக வறண்டாலோ, தண்ணீரைக் காப்பாற்ற இலை ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். உள்ளே வெளிச்சம் இருக்கிறது, ரூபிஸ்கோ வேலை செய்துகொண்டே இருக்கிறது. இருக்கிற கரியமில வாயு தீர்ந்துகொண்டே போகும். ஆக்சிஜனோ குறையாது. விகிதம் மறுபடி கெடும். அதோடு, நீராவி போவதுதான் இலைக்குக் குளிர்ச்சி. ஜன்னல் சாத்தியதும் இலை காற்றைவிடச் சில டிகிரி கூடச் சூடாகும். சூடு ஏறினால் என்ன ஆகும் என்பது மேலே பார்த்ததுதான். ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது.

மூன்றாவது ஒளி. ஒளி கூடினால் சரியான பிடியும் தவறான பிடியும் சேர்ந்தே கூடும். ஒளி தன்னளவில் விகிதத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் ஒளியோடு சூடும் வறட்சியும் சேர்ந்து வந்தால்? என் பொன்னாங்கண்ணியைக் கேளுங்கள். நான் கொடுத்தது வெறும் ஒளி இல்லை. கான்கிரீட் தளத்தின் சூடு, தொட்டியின் சுவர் சூடு, காலையில் ஊற்றி மதியத்துக்குள் காய்ந்த மண். மூன்றையும் ஒரே தவணையில் கொடுத்திருக்கிறேன்.

நம்ம பக்கத்துக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட மாதத்தில் மயிலாப்பூர்க்காரரைக் காப்பாற்றுவது மதியக் கடற்காற்று. அது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்கே நகர்ந்து வர நேரமாகும். நிலத்திலிருந்து அடிக்கும் வறண்ட மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் வராமலே போவதும் உண்டு. அந்த நேரமெல்லாம் சூடும் வறட்சியும் சேர்ந்தே இலைமேல் உட்கார்ந்திருக்கும்.

இருட்டில் ஒரு குபுக்

இப்படி ஒன்று நடப்பதைக் கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆனது. 1920இல் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க், குளோரெல்லா என்ற பாசியில் ஆக்சிஜனைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை குறைவதைக் கவனித்தார். காரணம் புரியவில்லை. 1955இல் அமெரிக்காவில் ஜான் டெக்கர், இலைமேல் விழும் விளக்கைச் சட்டென்று அணைத்துப் பார்த்தார். அணைத்த சில நிமிடங்களுக்கு இலையிலிருந்து கரியமில வாயு வழக்கத்தைவிட அதிகமாகக் குபுக்கென்று வந்தது. ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றுகிற மாதிரி. வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேலையின் மிச்சம் அது. 1971இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போஸ், வில்லியம் ஆக்ரென் குழுவினர், அந்த வேலையைத் தொடங்கி வைப்பதே ரூபிஸ்கோதான் என்று காட்டினார்கள். கரியமில வாயுவைப் பிடிக்கும் அதே கை ஆக்சிஜனையும் பிடிக்கிறது.

இடையில், 1960களில், ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பு ஆராய்ச்சியாளர்கள் வேறு ஒரு புதிரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்பில் முதலில் உருவாவது மூன்று கரிப் பொருள் இல்லை, நான்கு கரிப் பொருள். ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் அதன் வழியை விளக்கினார்கள். நெல் வகையை சி3 என்றும், கரும்பு வகையை சி4 என்றும் சொல்வது அதிலிருந்துதான்.

சி4 செடி ரூபிஸ்கோவைத் திருத்தவில்லை. அதன் இடத்தை மாற்றியது. இலை நரம்பைச் சுற்றி மாலை மாதிரி ஒரு வரிசை செல்கள் இருக்கும், கற்றை உறை செல்கள் என்பார்கள். ரூபிஸ்கோ அந்த உள்ளறையில். வெளிவாசலில் வேறு ஒரு நொதி நிற்கிறது. அதற்கு ஆக்சிஜன் யாரென்றே தெரியாது, கரியமில வாயுவை மட்டும் (பைகார்பனேட் வடிவில்) வாங்கி நான்கு கரிப் பொருளாக்கி உள்ளறைக்கு அனுப்பும். அங்கே அது உடைந்து கரியமில வாயு நெரிசலாகச் சேரும். ரூபிஸ்கோ எந்தப் பக்கம் கை நீட்டினாலும் கரியமில வாயுதான் அகப்படும். தவறு செய்ய வாய்ப்பே குறைவு. ஜன்னலைப் பாதி சாத்தினாலும் பிழைப்பு ஓடும்.

இப்போது தண்டுக்கீரைக்கு வருவோம். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை எல்லாம் அமராந்தஸ் என்ற ஒரே பேரினம். அந்தப் பேரினம் முழுக்க சி4. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, அருகம்புல், கோரை, நெருஞ்சி, மூக்கிரட்டை ஆகியவையும் சி4 தான். நெல், நிலக்கடலை, வாழை, முருங்கை, மணத்தக்காளி சி3. பொன்னாங்கண்ணியும் சி3. அக்கா கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த கட்டுகளில் இரண்டு வெவ்வேறு எந்திரங்கள் இருந்தன. அக்காவுக்கு எந்திரத்தின் பெயர் தெரியாது, எது எந்த வெயிலுக்குத் தாங்கும் என்பது தெரியும்.

அப்படியானால் எல்லாச் செடியும் ஏன் சி4 ஆகவில்லை? உள்ளறைக்கு ஏற்றி அனுப்பும் பம்புக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சூடும் வெளிச்சமும் இருக்கும் இடத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகும். குளிர்ச்சியில், நிழலில், ஒளிச்சுவாச இழப்பே குறைவு என்பதால் பம்பு வீண் செலவு. மார்கழியில் டேங்க் நிழலில் என் பொன்னாங்கண்ணி கொழித்தது இதனால்தான்.

திருப்பதியில் பார்த்த சொந்தக்காரர்கள்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை மாதிரி ஓர் இடத்தில் நடந்தால், கண்ணை மட்டும் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரத்துச் சேற்றில் படர்ந்து, கணுவுக்குக் கணு வெள்ளைப் பூவோடு நிற்பது நாட்டுப் பொன்னாங்கண்ணி. தாவரவியல் பெயர் ஆல்டர்னாந்திரா செசிலிஸ். (கடையில் கிடைக்கும் சிவப்புப் பொன்னாங்கண்ணி இதே பேரினத்தில் வேறு இனம்.) கரைமேலே ஏறி, செருப்பு தேய்ந்து தேய்ந்து மண் இறுகிப்போன நடைபாதை ஓரத்துக்கு வந்தால், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, காலில் குத்தும் முள்ளுப் பூங்கொத்தோடு இன்னொன்று படர்ந்திருக்கும். அதுவும் ஆல்டர்னாந்திராதான், பங்ஜென்ஸ் என்ற இனம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் ரோட்டோரமெல்லாம் பிடித்துக்கொண்டது. செசிலிஸ் சி3, பங்ஜென்ஸ் சி4. ஒரே குடும்பப் பெயர். இடையே பத்தடி ஏற்றம்தான். ஆனால் இலைக்குள் வேறு வேறு ஏற்பாடு.

இதைவிட சுவாரஸ்யமான கதை நம் வீட்டுப்பக்கத்துத் தண்டவாளத்தின் மறுமுனையில் நடந்தது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போகும் அந்தப் பாதையிலேயே போனால் திருப்பதி. அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வி.எஸ். ராம தாஸ் தலைமையில் ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக் குழு ஒன்று இயங்கியது. ராஜேந்திருடு, பிரசாத், ராம தாஸ் மூவரும் 1986இல் 'பிளான்ட் ஃபிசியாலஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆல்டர்னாந்திராவில் டெனெல்லா, ஃபைகாய்டெஸ் என்ற இரண்டு களைச்செடிகள் சி3யும் இல்லை, சி4ம் இல்லை, நடுவில் நிற்கின்றன என்பது அதன் சாரம்.

எப்படிச் சொன்னார்கள்? ஓர் இலையை மூடிய கண்ணாடிக் கூட்டில், வெளிச்சத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் கரியமில வாயு குறைந்துகொண்டே வந்து ஓர் அளவில் நின்றுவிடும். அந்த அளவில் இலை பிடிப்பதும் விடுவதும் சமம். மேலே நாம் போட்ட கணக்கில் கையில் பூஜ்யம் வந்த இடத்துக்குப் பக்கம் அது. சி3 செடியில் அது பத்து லட்சத்தில் 40, 50 பங்கு. சி4 செடியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இந்த இரண்டு களைகளிலும் 29 டிகிரியில் அது 18 முதல் 22 வரை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டவை, சி3க்கு நம் வெட்டுக்காயப் பூண்டு, சி4க்கு அதே முள்ளுக்காரி பங்ஜென்ஸ். தெருவோரத்தில் மிதிபடும் செடிகளை வைத்தே செய்த ஆராய்ச்சி என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நடுவில் நிற்கும் செடி எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கான பதிலில் ஒரு முக்கியமான பகுதி 1990களில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஏ.எஸ். ராகவேந்திரா குழுவிடமிருந்து வந்தது. இவர் ராம தாஸின் மாணவர். டெனெல்லாவில் ஒளிச்சுவாசத்தின் கடைசிக் கரியமில வாயுவை வெளியேற்றும் நொதிகள் பெரும்பாலும் உள்ளறைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருந்தன. யோசித்துப் பாருங்கள். தவறான பிடி வெளியறையிலும் நடக்கிறது. ஆனால் அதன் கழிவு கிளைசின் என்ற வடிவில் உள்ளறைக்கு வந்துதான் உடைய முடியும். உடைந்ததும் வெளிவரும் கரியமில வாயு ஓடிப்போக வழியில்லாமல் அங்கேயே இருக்கும் ரூபிஸ்கோவிடம் மாட்டிக்கொள்ளும். ஓட்டைக்குக் கீழே குடம் வைத்த கதை. ஒழுகுவதை அடைக்கவில்லை, ஒழுகலையே கரியமில வாயு சேர்க்கும் பம்பாக்கிக்கொண்டது. சி3யிலிருந்து சி4 பரிணமித்த பாதையில் இது ஒரு படிக்கட்டு என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

வறட்சிக்கு இன்னொரு பதிலும் உண்டு. பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு இரவில் திறப்பது. பிரண்டையும் கற்றாழையும் அப்படித்தான். இரவில் கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை உடைத்து உள்ளேயே செலவழிக்கும். 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று நாம் சொல்லும் ரணகள்ளியின் இலை, விடிகாலையில் புளிப்பாகவும் நண்பகலில் சப்பென்றும் இருப்பதை முதலில் எழுதி வைத்தவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. 1819இல் அவர் இறந்ததும் சென்னையில்தான்.

அப்போது ஒளிச்சுவாசம் வெறும் நஷ்டமா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1979இல் கிறிஸ் சோமர்வில், ஆக்ரென் இருவரும் ஒளிச்சுவாசப் பழுதுபார்ப்பு வழியில் ஒரு நொதி இல்லாத அராபிடாப்சிஸ் செடிகளைக் கண்டெடுத்தார்கள். கரியமில வாயு மிகுந்த காற்றில் அவை நன்றாக வளர்ந்தன. சாதாரணக் காற்றில் வைத்தால் வாடி வெளுத்தன. தவறான பிடி நடக்கும் வரை பழுதுபார்க்கும் அலுவலகங்கள் திறந்திருந்தாக வேண்டும். நஷ்டம் பிடியில் இருக்கிறது. பழுதுபார்ப்பு நஷ்டத்தைக் குறைக்கும் வழி. வறண்ட வெயிலில் ஜன்னல் மூடியிருக்கும்போது, செலவழிக்க வழியில்லாமல் குவியும் ஒளி ஆற்றலை ஓரளவு வடிய விடுவதும் இதுதான். இல்லையென்றால் அந்த ஆற்றல் இலையையே பொசுக்கும்.

பழுதுபார்க்கும் பாதையைச் சுருக்கினால்? 2019இல் இல்லினாயில் டொனால்ட் ஆர்ட் குழுவினர் புகையிலைச் செடியில் அப்படிச் செய்து பார்த்தார்கள். பல அலுவலகம் அலையாமல் பசுங்கணிகத்துக்குள்ளேயே வேலையை முடிக்கும் குறுக்குவழி. வயலில் வளர்த்தபோது செடியின் எடை 40 சதவீதம் அளவுக்குக் கூடியது. புகையிலையில் கிடைத்தது நெல்லில் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒழுகும் அளவு எவ்வளவு பெரிது என்று அது காட்டிவிட்டது.

இன்னொரு கேள்வி வரும். காற்றில் கரியமில வாயுதான் கூடிக்கொண்டே போகிறதே, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. விகிதம் தானாகச் சரியாகி, சி3 செடிக்கு நல்லதுதானே? ஒரு பாதி சரி. வாயு கூடினால் தவறான பிடி குறையும். ஆனால் அந்த வாயுவேதான் சூட்டையும் கூட்டுகிறது, சூடு தவறான பிடியைக் கூட்டுகிறது. எது ஜெயிக்கும் என்பது இடத்தையும் பருவத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. கரியமில வாயுவைக் கூட்டி வயலில் விளைவித்த நெல், கோதுமையில் புரதம், துத்தநாகம், இரும்பு குறைந்ததை 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஒளிச்சுவாசம் குறைந்தால் இலை நைட்ரேட்டைப் புரதத்துக்குப் பயன்படுத்துவதும் குறைகிறது என்பது.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி நெல் நடவாவது சித்திரை, வைகாசியில். ஒரு சி3 பயிர், ஆண்டின் மிகச் சூடான வாரங்களில் வளரத் தொடங்குகிறது. அதைக் காப்பாற்றுவது வயலில் நிற்கும் தண்ணீர். தண்ணீர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்கும், இலை குளிரும், இரண்டு வழியிலும் விகிதம் தேறும். (வெயில் காலத்து நெல் நஷ்டத்தை எல்லாம் ஒளிச்சுவாசத்தின் தலையில் கட்டவும் கூடாது. இரவுச் சூட்டில் கூடும் சாதாரண சுவாசமும், பூக்கும் நேரத்தில் மகரந்தம் கெடுவதும் தனித்தனிக் கணக்குகள்.)

2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததைப் பூந்தமல்லிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது குடிநீருக்காகத்தான் எல்லாரும் தவித்தோம். ஒளிச்சுவாசத்தைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கோடை இன்னொரு விதமாகவும் தெரிகிறது. ஏரியில் நீர் இருந்தால் சுற்றுவட்டாரக் கிணற்றில் நீர், மண்ணில் ஈரம், காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி. பொன்னாங்கண்ணியும் நெல்லும் முருங்கையும் மதியத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். ஏரி போனால் அதே இலை, அதே வெயிலில், பிடித்ததில் பெரும்பங்கைத் திரும்ப விட்டுவிடும். கரையில் முள்ளுக்காரி இன்னும் பத்தடி கீழே இறங்கி வருவாள்.

என் தொட்டிகளைப் பற்றி: பொன்னாங்கண்ணிக்குப் பச்சை நிழல்வலை போட்டுவிட்டேன். தொட்டியைக் கான்கிரீட்டில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றி, மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி, காலையில் மட்டும் ஊற்றிய தண்ணீரை இரண்டாகப் பிரித்து, முன்பகலில் ஒருமுறை சேர்த்து ஊற்றுகிறேன். மே மாதத்தில் தை மாத விளைச்சல் வராது. ஆனால் பத்து நாளைக்கு ஒரு பொரியல் தேறுகிறது. தண்டுக்கீரை வழக்கம்போல வெயிலில். அக்காவிடம் ரூபிஸ்கோ கதையை ஒருநாள் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தத்தானே தம்பி நானும் சொன்னேன்" என்றார்.